கோலும் தளமும்: நிழற்கருவிகளின் பெயர்மரபு

நிழலால் பொழுதறியும் கருவிகளை ஐரோப்பிய மரபு, நிழல் விழும் தளத்தைக் கொண்டு கிடைத்தளக் கடிகாரம், செங்குத்துத்தளக் கடிகாரம் என வகைப்படுத்துகிறது. தமிழ் மரபு நிழல் தரும் கோலை முதன்மையாக்குகிறது. வடமொழிச் ‘சங்கு’வும் கோலையே குறிக்கும். நெடுநல்வாடையில், கதிரவன் உச்சியில் நிற்கும்போது இரு கோல்களின் நிழல் கொண்டு அரண்மனைக்குத் திசை காண்கின்றனர். அதன் நோக்கம் காலம் அறிதல் அன்று.

ஏறத்தாழ 11 பாகை வட அகலாங்கிலுள்ள கோயம்புத்தூரில் சித்திரையில் ஒருமுறையும் ஆவணியில் ஒருமுறையும் நண்பகல் ஞாயிறு தலைக்குநேர் வருவதால், செங்குத்தாக நட்ட கோல் நிழலிழக்கும். ராஜஸ்தானின் ஜெய்ப்பூரிலுள்ள சம்ராட் யந்திரத்தின் விளிம்பு, அவ்வூர் அகலாங்குக்கேற்ப 27 பாகை சாய்ந்து உயர்கிறது. அதே அமைப்பைக் கொங்குநாட்டில் நிறுவினால் சாய்வு 11 பாகையே ஆகும்.

எனவே ‘சூரியக் கடிகாரம்’ என்னும் ஒற்றைப் பெயர் கருவியின் நோக்கத்தையும் இடத்தையும் மறைக்கிறது. கோயில் கள ஆய்வுகள் நட்டகோல், சாய்கோல் எனப் பிரித்துக் கோணத்தையும் பதிவுசெய்தல் வேண்டும்.