ஒரு எழுத்துப் பிழையும் ரெண்டு கோடி டாலரும்

வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பறோம்னா உண்மையில பணம் எங்கேயும் போறதில்லீங்க. போறது வெறும் செய்திதான். 'என் கணக்குல கழிச்சுக்கோ, அவர் கணக்குல ஏத்திடு'ன்னு ஒரு வங்கி இன்னொரு வங்கிக்குச் சொல்லுது. அந்தச் செய்தியை எப்படி நம்பறது? மொத்தக் கதையும் இந்த ஒரு கேள்விதான்.

முன்னாடி டெலக்ஸ் காலம். தொகை, தேதி எல்லாத்துக்கும் ரகசிய அட்டவணையைப் பார்த்துக் கூட்டி, ஒரு 'டெஸ்ட் கீ' எண்ணைச் சேர்த்து அனுப்புவாங்க. அந்தப் பக்கம் இருக்கறவரும் அதே மாதிரி கூட்டிச் சரிபார்க்கணும். மெதுவான வேலை, தப்பும் வரும். அதனால 1973ல 15 நாடுகளைச் சேர்ந்த 239 வங்கிகள் சேர்ந்து பெல்ஜியத்துல 'ஸ்விஃப்ட்' அமைப்பை ஆரம்பிச்சாங்க. 1977ல செய்திகள் போக ஆரம்பிச்சது. எல்லாருக்கும் ஒரே படிவம், நல்ல பூட்டு.

கிட்டத்தட்ட நாப்பது வருஷம் கழிச்சு, 2016 பிப்ரவரி 4, வியாழக்கிழமை ராத்திரி. வங்கதேச மத்திய வங்கியோட கம்ப்யூட்டர்ல முன்னாடியே புகுந்திருந்த திருடங்க, நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கிக்கு 35 உத்தரவு அனுப்பினாங்க. மொத்தம் சுமார் 95 கோடி டாலர்! செய்திகளை அச்சடிக்கற பிரிண்டரையும் முடக்கிட்டாங்க. வெள்ளி டாக்காவுல லீவு. சனி, ஞாயிறு நியூயார்க்ல லீவு. திங்கள் மணிலாவுல சீனப் புத்தாண்டு லீவு. நாள் பார்த்து அடிச்சிருக்காங்க!

30 உத்தரவு நின்னுடுச்சு, 5 போயிடுச்சு. 8.1 கோடி மணிலாவுக்கு, 2 கோடி இலங்கைல ஒரு தொண்டு நிறுவனத்தோட கணக்குக்கு. அந்த நிறுவனப் பேர்ல 'ஃபவுண்டேஷன்'னு வரவேண்டிய இடத்துல 'ஃபண்டேஷன்'னு அடிச்சு வெச்சிருந்தாங்க. வழியில இருந்த வங்கி சந்தேகப்பட்டு விளக்கம் கேட்டுச்சு. 2 கோடியும் தப்பிச்சது. மணிலா பணம் சூதாட்ட விடுதி வழியா கரைஞ்சது. சுமார் 1.5 கோடிதான் அந்த வருஷம் திரும்பக் கிடைச்சது. வெளிநாட்டுல வேர்வை சிந்தினவங்க ஊருக்கு அனுப்பின டாலரும் சேர்ந்த கையிருப்புங்க அது.

இதுல ஸ்விஃப்ட்டோட பூட்டை யாரும் உடைக்கலை. சாவியே திருடன் கைல இருந்தது! அதுக்கப்புறம்தான் உறுப்பு வங்கிகளுக்குக் கட்டாயப் பாதுகாப்பு விதிகள் வந்தது. 2017ல 'ஜிபிஐ' வந்தது. கூரியர் பார்சல் மாதிரி ஒவ்வொரு பணத்துக்கும் ஒரு அடையாள எண். இப்ப எந்த வங்கில நிக்குது, வழியில யார் எவ்வளவு கழிச்சாங்கன்னு வங்கி பார்க்கலாம்.

நல்ல விஷயம்தான். ஆனா அன்னிக்கு 2 கோடியைக் காப்பாத்தினது, வந்த செய்தியை ஒழுங்காப் படிச்சுப் பார்த்த யாரோ ஒருத்தர். அந்த ஆளையும் வேலைல வெச்சுக்கணும், என்ன சொல்றீங்க?