கொப்புளமும் பச்சை வலையும்

கொப்புளத்துக்குக் கிரேக்க மொழியில் பெம்ஃபிக்ஸ் என்று பெயர். அதிலிருந்து வந்ததுதான் பெம்ஃபிகஸ். காரணம் தெரியாத நோய்க்குக் கண்ணில் பட்டதையே பெயராக வைப்பது மருத்துவத்தின் பழைய வழக்கம். 1791இல் ஜெர்மானிய மருத்துவர் விக்மன் இந்நோயைத் தெளிவாக விவரித்தார். அதன் பிறகும் வெவ்வேறு கொப்புள நோய்கள் இந்த ஒரே பெயருக்குள் அடைபட்டுக் கிடந்தன.

பெயர்தானே, குழம்பினால் என்ன போச்சு என்று கேட்கலாம். உயிர் போச்சு. ஸ்டீராய்டு வருவதற்கு முன் பெம்ஃபிகஸ் வந்தவர்களில் பெரும்பாலோர் இறந்தார்கள். முதியவர்களுக்கு வரும் இன்னொரு கொப்புள நோயோ அவ்வளவு கொடியதல்ல. இரண்டுக்கும் ஒரே பெயர் என்றால், பிழைத்தவர் மருந்தால் பிழைத்தாரா, அவருக்கு வந்ததே வேறு நோயா என்று எப்படிச் சொல்வது?

1953இல் பாஸ்டனில் வால்டர் லீவர் நுண்ணோக்கியின் துணையோடு இரண்டையும் பிரித்தார். பெம்ஃபிகஸில் மேல்தோலின் செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று கழன்றுவிடுகின்றன. சுவரில் செங்கற்கள் பெயர்வதுபோல. மற்றதில் செங்கற்கள் உறுதியாகவே இருக்கின்றன, சுவர் மொத்தமும் அஸ்திவாரத்தைவிட்டு எழும்பிவிடுகிறது. அதற்குப் பெம்ஃபிகாய்டு என்று பெயர் வைத்தார். ஆனால் கழற்றுவது யார்?

இந்த வரலாற்றில் என்னைப் பிடித்து நிறுத்துகிற இடம் இது. உடல் தன்னைத் தானே தாக்குவதற்கு அஞ்சும் என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பால் எர்லிக் சொல்லியிருந்தார். தாக்கவே தாக்காது என்று பலர் அதைப் படித்துக்கொண்டார்கள். எர்லிக்கின் உதவியாளர் ஹான்ஸ் சாக்ஸ். அவரிடம் பயின்றவர் எர்னஸ்ட் விடெப்ஸ்கி. நாஜிகள் வந்ததும் ஜெர்மனியைவிட்டு வெளியேறி, அமெரிக்காவின் பஃபலோ நகரில் ஆய்வகம் அமைத்தவர். 1956இல் அங்கேதான் நோயல் ரோஸும் அவரும் முயல்கள் தங்கள் தைராய்டையே தாக்குவதைக் காட்டினார்கள். குருவின் வாக்கை அதே குருபரம்பரை திருத்தி எழுதியது.

அதே பஃபலோவில் 1964இல் எர்னஸ்ட் பாய்ட்னரும் அப்போது மாணவராக இருந்த ராபர்ட் ஜோர்டனும் பெம்ஃபிகஸ் நோயாளியின் ரத்தத்தில் தேடினார்கள். முறை எளிமையானது. நோயாளியின் சீரத்தை மெல்லிய திசுச் சீவலின் மேல் விட்டுக் கழுவ வேண்டும். பிறகு, மனித எதிர்ப்பொருளைப் பற்றிக்கொள்ளும் ஒளிர்சாயத்தை விட வேண்டும். புற ஊதா ஒளியில் ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் பச்சைக் கோடு. மொத்தத்தில் மீன்வலை மாதிரி. 1967இல் பெம்ஃபிகாய்டு சீரத்தையும் பார்த்தார்கள். வலை இல்லை; மேல்தோலின் அடியில் ஒற்றைப் பச்சைக்கோடு. லீவர் பிரித்தது சரி என்று ரத்தமே சாட்சி சொன்னது. பின்னாளில் இச்சோதனைக்குக் குரங்கின் உணவுக்குழாய்ச் சீவல் பரவலாகப் பயன்பட்டது.

சரி, ரத்தத்துல இருக்குன்னு தெரிஞ்சுது. அதுதான் குற்றவாளின்னு யார் சொன்னது? வீடு எரிந்த இடத்தில் நின்றவனெல்லாம் தீ வைத்தவனா? அதற்கு விடை வர 1982 ஆயிற்று. கிராண்ட் அன்ஹால்ட்டும் சகாக்களும் நோயாளிகளின் எதிர்ப்பொருளைப் பிரித்துப் பிறந்த எலிக்குஞ்சுகளுக்குச் செலுத்தினார்கள். குஞ்சுகளின் தோலில் கொப்புளம் வந்தது.

1991இல் மசாயுகி அமகாயும் ஜான் ஸ்டான்லியும் தாக்கப்படும் புரதத்தை அடையாளம் கண்டார்கள்: செல்களை ஒட்டவைக்கும் டெஸ்மோகிளைன் 3. அதைவைத்து எலைசா சோதனை வந்தது; பச்சை வலை எண்ணாக மாறியது. பழைய புதிர் ஒன்றும் அவிழ்ந்தது. டெஸ்மோகிளைன் 3 மட்டும் தாக்கப்பட்டால் பெரும்பாலும் வாயில்தான் புண். 1-உம் சேர்ந்தால் தோலிலும் கொப்புளம். பல மாதம் ஆறாத வாய்ப்புண்ணை ‘உடம்புச் சூடு, மணத்தக்காளி சாப்பிடு, சரியாப் போயிரும்’ என்று தள்ளிப்போடுகிறோமே, அதில் சில இந்நோயின் முதல் வாசலாக இருக்கலாம்.

ஆனால் எண்ணும் முழு உண்மையல்ல. தீக்காயம் பட்ட சிலருக்கும் இதுபோன்ற எதிர்ப்பொருள் குறைந்த அளவில் தென்படும். புண் ஆறிய பிறகும் சிலருக்கு எண் இறங்காது. அதனால்தான் இன்றும் மருத்துவர் புண்ணைப் பார்க்கிறார், தோல் துணுக்கை எடுத்துப் பார்க்கிறார், பிறகே ரத்த அறிக்கையைப் பக்கத்தில் வைத்துப் படிக்கிறார். இருநூறு ஆண்டுகளில் கண்ணிலிருந்து ரத்தத்துக்கு வந்துவிட்டோம். கண்ணுக்கு இன்னும் ஓய்வு கொடுக்க முடியவில்லை.