அமெரிக்க ஆங்கில வட்டார வழக்குகள்: வடக்கும் தெற்கும்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் வழங்கும் ஆங்கிலம் ஒலிப்பிலும் சொல்லிலும் தொடரமைப்பிலும் வட்டாரந்தோறும் வேறுபடுகிறது. ஒலிப்பில் மட்டும் அமையும் வேறுபாட்டை ஒலிப்புமுறை என்றும், சொல்லும் இலக்கணமும் சேர்ந்து வேறுபடும்போது அதனைக் கிளைமொழி என்றும் மொழியியலார் பிரித்துக் கூறுவர். இவ்வேறுபாடுகளுள் மக்கள் மனத்தில் ஆழப் பதிந்திருப்பது வடபுலப் பேச்சு, தென்புலப் பேச்சு என்னும் பகுப்பே ஆகும். 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரின் எல்லைக்கோடே பேச்சின் எல்லையும் என்றும், அது குடியேற்றக் காலந்தொட்டு மாறாமல் நிலவுவது என்றும் பலர் கருதினாலும், அவ்விரு கருத்துகளும் ஆய்வின்முன் நிற்கவில்லை.

பிரிட்டனிலிருந்து வந்தோர் அனைவரும் ஒரே ஊரார் அல்லர். 1607இல் நிறுவப்பட்ட ஜேம்ஸ்டவுனை ஒட்டி வளர்ந்த வர்ஜீனியாவுக்குத் தென் இங்கிலாந்தினரும் தென்மேற்கு இங்கிலாந்தினரும் பெருமளவில் வந்தனர்; 1620க்குப் பின் நியூ இங்கிலாந்தில் குடியேறிய பியூரிட்டன் சமயப் பிரிவினருள் கிழக்கு ஆங்கிலியா வட்டாரத்தார் மிகுதி. வில்லியம் பென் 1681இல் உரிமைப் பட்டயம் பெற்ற பென்சில்வேனியாவுக்குக் குவேக்கர் என்னும் சமயப் பிரிவினரும் ஜெர்மானியரும் வந்து சேர, 18ஆம் நூற்றாண்டில் அயர்லாந்தின் அல்ஸ்டர் பகுதியிலிருந்து வந்த ஸ்காட்லாந்து வழியினர் பிலடெல்பியாவில் இறங்கி, ஷெனண்டோவா பள்ளத்தாக்கு வழியே தெற்கே நகர்ந்து அப்பலாச்சிய மலைநாட்டை நிறைத்தனர். இன்று தென்புலத்துக்கே உரியதாக எண்ணப்படும் 'மைட் குட்' என்னும் இரட்டைத் துணைவினை வழக்கு, அதாவது இயலக்கூடும் என்னும் பொருளில் இரு துணைவினைகளை அடுக்கிச் சொல்வது, இம்மக்களோடு வந்ததே என ஆய்வாளர் கருதுகின்றனர்.

'கார்' போன்ற சொற்களின் இறுதியிலும், உயிரொலி பின்தொடராத பிற இடங்களிலும் ரகரத்தை ஒலிக்காமல் விடும் வழக்கம், வடக்கு தெற்கு என்னும் பகுப்பு எத்துணைக் குறையுடையது என்பதைத் தெளிவாகக் காட்டுகிறது. இவ்வழக்கம் வடக்கே பாஸ்டனிலும் நியூயார்க்கிலும், தெற்கே ரிச்மண்டிலும் சார்ல்ஸ்டனிலும் சவானாவிலும் வேரூன்றியிருந்தது. இடையில் உள்ள பிலடெல்பியாவிலோ, தெற்கின் மலைநாட்டிலோ அது பரவவில்லை. லண்டனோடு வணிகத்தாலும் கல்வியாலும் நெருங்கியிருந்த துறைமுகங்களையும் பெருந்தோட்ட உடைமையாளர் வாழ்ந்த நிலங்களையும் உள்நாட்டிலிருந்து அது பிரித்ததேயன்றி, வடக்கைத் தெற்கிலிருந்து பிரிக்கவில்லை. இரண்டாம் உலகப்போருக்குப் பின் மதிப்பு தலைகீழாகி, ரகரத்தை ஒலிப்பதே கற்றோர் பேச்சாகக் கொள்ளப்பட்டது. மொழியியலாளர் வில்லியம் லபோவ் 1962இல் நியூயார்க்கின் மூன்று பெருங்கடைகளுக்குச் சென்று, விடையாக 'நான்காம் தளம்' என்பதற்குரிய ஆங்கிலத் தொடர் வருமாறு 264 ஊழியரிடம் வினவினார். செல்வர் செல்லும் கடையின் ஊழியரே ரகரத்தை மிகுதியும் ஒலித்தனர். பேச்சு இடத்தோடு மட்டுமன்றிச் சமூகப் படிநிலையோடும் பிணைந்தது என்பதை இவ்வாய்வு ஐயமற நிறுவியது.

வட்டார வழக்குகளைத் திட்டமிட்டுத் தொகுக்கும் முயற்சி 1889இல் அமெரிக்கக் கிளைமொழிக் கழகம் தோன்றியதோடு தொடங்கியது. 1896இல் ஜார்ஜ் ஹெம்பல், எண்ணெய்ப் பிசுக்குடையது என்று பொருள்படும் ஒரே சொல் வடக்கே 'கிரீஸி' என அதிர்வற்ற ஸகரத்தோடும், தெற்கே அதிர்வுடைய ஒலியோடும் வழங்குவதைக் கண்டு எல்லை வகுத்தார். ஹான்ஸ் குராத் தலைமையில் 1930களில் களப்பணியாளர் ஊர் ஊராகச் சென்று வாளிக்கும் தும்பிக்கும் மாட்டைக் கூப்பிடும் குரலுக்கும் வழங்கும் சொற்களைக் குறித்து வந்தனர். வடக்கே 'பெயில்' எனப்பட்ட வாளி தெற்கே 'பக்கெட்' எனப்பட்டது. ஆயினும் பென்சில்வேனியாவும் அதன் குடிகள் பரவிய நிலங்களும் இவ்விரண்டிலும் முழுமையாக அடங்காதவை எனக் கண்ட குராத், 1949இல் வெளியிட்ட சொல் நிலவியல் நூலில் வடபுலம், இடைப்புலம், தென்புலம் என மூன்றாகப் பகுத்தார். அமெரிக்கக் கிளைமொழி ஆய்வில் இதனினும் பயன்மிக்க திருத்தம் அரிது. இடைப்புலத்தை எங்ஙனம் வரையறுப்பது என்பதில் மட்டும் பின்வந்தோர் வேறுபட்டனர்.

தென்புலப் பேச்சின் தொன்மை குறித்த நம்பிக்கையை மொழியியலாளர் கை பெய்லியின் ஆய்வுகள் அசைத்தன. 'டைம்' என்னும் சொல்லின் ஐகாரக் கூட்டொலி ஒற்றை உயிராக நீண்டு 'டாம்' என ஒலிப்பதும், மூக்கொலிக்கு முன் இகரமும் எகரமும் ஒன்றாகி ஊசியைக் குறிக்கும் 'பின்', பேனாவைக் குறிக்கும் 'பென்' ஆகிய இரண்டும் வேறுபாடின்றிக் கேட்பதும் தென்புலத்தின் தலையாய அடையாளங்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதிக் கால்பகுதிக்கு முன் இவை அருகியே காணப்பட்டன என்றும், உள்நாட்டுப் போருக்குப் பின் இருப்புப்பாதையும் நெசவாலைகளும் மரம் அறுக்கும் ஆலைகளும் சிற்றூராரைப் புதிய நகரங்களில் ஒன்றுகூட்டியபோதே அவை விரைந்து பரவின என்றும் பெய்லி காட்டினார். எனவே தென்புலத்தின் தனித்தன்மை அப்போரில் அடைந்த தோல்விக்குப் பிந்தைய தலைமுறைகளில்தான் பெரிதும் திரண்டது எனக் கொள்வது பொருந்தும்.

அப்பேச்சை உருவாக்கியதில் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கரின் பங்கு நெடுங்காலம் மறுக்கப்பட்டது பெருங்குறை. தென் கரோலினா, ஜார்ஜியா மாநிலங்களின் கடலோரத் தீவுகளில் வழங்கும் 'கல்லா' என்னும் மொழியைச் சிதைந்த ஆங்கிலம் எனப் பலரும் ஒதுக்கியிருந்த நிலையில், லொரென்சோ டவ் டர்னர் 1949இல் வெளியிட்ட நூலில் அதன் ஆப்பிரிக்க வேர்களைச் சான்றுகளோடு நிறுவினார். 1910க்கும் 1970க்கும் இடையே ஏறத்தாழ 60 லட்சம் கறுப்பின மக்கள் தெற்கைவிட்டு வெளியேறியபோது தென்புலப் பேச்சின் பல கூறுகள் சிகாகோவுக்கும் டெட்ராய்ட்டுக்கும் சென்றன. அங்கே அவை வட்டார அடையாளம் என்பது மறைந்து இன அடையாளமாகக் கேட்கப்பட்டன.

அந்நகரங்களின் வெள்ளையர் பேச்சும் அக்காலத்தே மாறிக்கொண்டிருந்தது. சிரக்யூஸ் முதல் மில்வாக்கி வரை பேரேரிகளை ஒட்டிய நகரங்களில் உயிரொலிகள் ஒன்றன் இடத்தை மற்றொன்று பற்றிச் சங்கிலிபோல் நகர்ந்து, 'டெஸ்க்' என்பது 'டஸ்க்' எனவும் 'பஸ்' என்பது 'பாஸ்' எனவும் பிறர் செவிக்குக் கேட்கும் நிலை வந்தது. 1825இல் திறக்கப்பட்ட ஈரி கால்வாயின் வழியே பல வட்டாரத்தார் கலந்து குடியேறியதே இதற்கு வித்திட்டது என்பது லபோவின் கருத்து. இப்பெருமாற்றத்தை நெடுங்காலம் அம்மக்களே உணரவில்லை. டென்னிஸ் பிரஸ்டனின் ஆய்வுகளில் மிச்சிகன் மாநிலத்தார் தம் பேச்சையே பிழையற்றதாகக் கருதி, தென்புலப் பேச்சைத் திருத்தமற்றது என்றனர். ஒரு வட்டாரத்தின் ஒலிகளைக் கல்லாமையின் அறிகுறியாகக் கொள்ளும் இம்மனப்பான்மைக்கு மொழியியலில் எவ்வித அடிப்படையும் இல்லை. ஆயினும் பள்ளியிலும் வேலைக்கான நேர்காணலிலும் தென்புலத்தார் அதன் சுமையைத் தாங்கியே வந்துள்ளனர்.

அண்மைக் காலத்தில் இரு புலங்களின் தனி ஒலிகளும் பின்வாங்குகின்றன. 1959இல் வட கரோலினாவின் ராலி நகருக்கு அருகே ஆராய்ச்சிப் பூங்கா அமைந்தபின் வடபுலத் தொழில்நுட்பப் பணியாளர் குடும்பங்கள் பெருமளவில் குடியேற, அவர்கள் பிள்ளைகளோடு படித்து வளர்ந்த உள்ளூர்த் தலைமுறைகளில் தென்புல உயிரொலிகள் படிப்படியாகத் தேய்ந்ததை ராபின் டாட்ஸ்வொர்த் பதிவு செய்துள்ளார். பேரேரி நகரங்களின் இளையோரும் தம் பெற்றோரின் உயிரொலிகளைக் கைவிட்டு வருகின்றனர். சொற்களின் போக்கு இதற்கு மாறானது: ஆங்கிலத்தில் ஒருமைக்கும் பன்மைக்கும் ஒன்றாகிவிட்ட முன்னிலைப் பெயருக்குப் பன்மை வடிவமாகத் தென்புலத்தார் ஆளும் 'யால்' என்னும் சொல், பிட்ஸ்பர்க்கின் 'யின்ஸ்', நியூயார்க்கின் 'யூஸ்' ஆகியவற்றைப் போல ஊர் எல்லைக்குள் அடங்காமல், வடக்கிலும் மேற்கிலும் இளையோர் நாவில் பரவி வருகிறது.