சமஸ்தானங்கள் இணைந்தபோது கொடுத்த பணமும் கேட்ட கணக்கும்

மேட்டுப்பாளையத்திலிருந்து சத்தியமங்கலம், பண்ணாரி, திம்பம் வழியாகச் சாம்ராஜ்நகர் போகிறவர்கள் இன்று ஒரு மாநில எல்லையைத்தான் கடக்கிறார்கள். 1947-ல் அதே பாதையில் போனவர்கள் மைசூர் மகாராஜாவின் சமஸ்தானத்துக்குள் நுழைந்தார்கள். அன்றைய கோவை மாவட்டத்துக்கு மைசூர், கொச்சி, திருவிதாங்கூர் என மூன்று சமஸ்தானங்கள் அண்டையில் இருந்தன.

இந்தியா முழுவதும் 560-க்கும் மேற்பட்ட சமஸ்தானங்கள் இருந்தன. மன்னர்கள் கையெழுத்திட்டார்கள், நாடு ஒன்றானது என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். உண்மையில் கையெழுத்துக்குப் பிறகுதான் கடினமான கேள்வி எழுந்தது. சேருகிற அரசு தன் வருமானத்தை இழக்கும்போது அதை ஈடுகட்டுவது யார்? அப்படிக் கொடுக்கும் பணத்துக்குக் கணக்குக் கேட்பது யார்?

மூன்று துறைகளில் தொடங்கிய இணைப்பு

1947-ல் சமஸ்தானங்கள் இந்தியாவிடம் ஒப்படைத்தவை பாதுகாப்பு, வெளியுறவு, தகவல் தொடர்பு ஆகிய மூன்று துறைகள் மட்டுமே. வரி வசூல் அவற்றின் கையிலேயே இருந்தது. பல சமஸ்தானங்களுக்குச் சுங்கவரியே முக்கிய வருமானம். சிலவற்றில் வருமான வரி இருந்தது, சிலவற்றுக்குச் சொந்த ரயில்வே இருந்தது. நிஜாமின் ஹைதராபாத் தனக்கென்று நாணயமே வைத்திருந்தது. அங்கே 7 ஹாலி சிக்கா ரூபாய், இந்தியாவின் 6 ரூபாய்க்குச் சமம்.

புதுக்கோட்டை போன்ற சிறிய சமஸ்தானங்கள் அருகிலிருந்த மாகாணங்களில் கரைந்துவிட்டன. புதுக்கோட்டை 1948 மார்ச் 3 அன்று சென்னை மாகாணத்துடன் இணைந்தது. ஹைதராபாத், மைசூர், திருவிதாங்கூர்-கொச்சி, ராஜஸ்தான், சௌராஷ்டிரம் போன்றவை தனி மாநிலங்களாகவே இந்திய ஒன்றியத்துக்குள் வந்தன. அரசியலமைப்புச் சட்டம் இவற்றை 'பி' பிரிவு மாநிலங்கள் என்று அழைத்தது.

வாங்கல் கிராமத்திலிருந்து வந்த நிபுணர்

இந்தச் சிக்கலை ஆராய 1948 அக்டோபரில் மத்திய அரசு ஒரு குழுவை அமைத்தது. அதன் தலைவர் வி.டி. கிருஷ்ணமாச்சாரி. கரூர் அருகே வாங்கல் கிராமத்தில் பிறந்தவர். பரோடாவில் 1927 முதல் 1944 வரை திவானாக இருந்தவர். பிறகு ஜெய்ப்பூர் சமஸ்தானத்தின் பிரதமராகவும் பணியாற்றியவர். சமஸ்தானங்களின் கஜானாவை உள்ளிருந்தே அறிந்தவர் என்பதால் பொறுப்பு அவரிடம் வந்தது.

1949-ல் குழு அறிக்கை தந்தது. சுங்கவரி, வருமான வரி, மத்திய கலால் வரி, ரயில்வே, தபால் ஆகியவற்றை மத்திய அரசு எடுத்துக்கொள்ள வேண்டும். அவற்றுக்கான செலவுகளையும் மத்திய அரசே ஏற்க வேண்டும் என்பது அதன் சாரம். 1950 ஏப்ரல் 1 முதல் இது நடைமுறைக்கு வந்தது. ஜம்மு காஷ்மீர் மட்டும் அப்போது இந்த ஏற்பாட்டில் சேரவில்லை.

வருவாய் இடைவெளி மானியம்

மத்திய அரசிடம் போன வருமானம், அதனுடன் போன செலவைவிட அதிகமாக இருந்தால் மாநிலத்துக்குப் பற்றாக்குறை வரும். ஒரு எடுத்துக்காட்டு பார்ப்போம். ஒரு மாநிலம் 5 கோடி ரூபாய் வருமானத்தை ஒப்படைக்கிறது. அதோடு 3 கோடி ரூபாய் செலவும் அதன் தலையிலிருந்து இறங்குகிறது. மீதி 2 கோடிதான் இடைவெளி. அதை மத்திய அரசு மானியமாகத் தரும்.

முதல் 5 ஆண்டுகளுக்கு இந்த மானியம் முழுமையாகவும், அடுத்த 5 ஆண்டுகளில் படிப்படியாகக் குறைத்தும் தரப்பட வேண்டும் என்று குழு பரிந்துரைத்தது. அந்தப் பத்து ஆண்டுகளுக்குள் மாநிலம் தன் சொந்தக் காலில் நிற்கப் பழகிக்கொள்ள வேண்டும்.

இரண்டு பக்கமும் ஆபத்து இருந்தது. பணமே தராவிட்டால் மைசூரில் ஆசிரியர் சம்பளமும் ஆஸ்பத்திரிச் செலவும் நின்றுபோகும். முடிவில்லாமல் தந்துகொண்டே இருந்தால், அந்தச் சுமை சென்னை, பம்பாய் போன்ற மாநிலங்களில் வரி கட்டுகிற சாமானியர் மீது விழும்.

மன்னர்களுக்குத் தரப்பட்ட மன்னர் மானியம் வேறு, இது வேறு. அது மன்னரின் குடும்பத்துக்குப் போன பணம். 1971-ல் அது ஒழிக்கப்பட்டது. இடைவெளி மானியமோ மக்களின் அரசுக்குப் போன பணம்.

மூன்று பூட்டுகள்

அரசியலமைப்புச் சட்டம் இந்தப் பணத்துக்கு மூன்று காவல்களை வைத்தது.

முதலாவது, காலவரம்பு. மானிய ஒப்பந்தம் பத்து ஆண்டுகளுக்கு மேல் நீடிக்கக் கூடாது என்று 278-வது பிரிவு சொன்னது. ஐந்து ஆண்டுகள் கழிந்ததும், நிதிக்குழுவின் அறிக்கையைப் பார்த்து ஒப்பந்தத்தை மாற்றவோ முடிக்கவோ குடியரசுத் தலைவருக்கு அதிகாரம் இருந்தது. முதல் நிதிக்குழு கே.சி. நியோகி தலைமையில் 1951-ல் அமைந்தது.

இரண்டாவது, மேற்பார்வை. அன்றைய 371-வது பிரிவின்படி 'பி' பிரிவு மாநில அரசுகள் பத்து ஆண்டுகளுக்குக் குடியரசுத் தலைவரின் பொதுக் கட்டுப்பாட்டில் இருந்தன.

மூன்றாவது, தணிக்கை. அதுவரை சமஸ்தானத்தின் கணக்கைச் சமஸ்தானமே பார்த்துக்கொண்டது. நிதி ஒருங்கிணைப்புடன் அந்தக் கணக்குகள் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் கீழ் வந்தன. செய்திகளில் சிஏஜி என்று நாம் கேட்கும் பதவி அதுதான். அப்போது அந்தப் பொறுப்பில் இருந்தவர் வி. நரஹரி ராவ்.

1956-ல் மாநிலங்கள் மொழிவழியாகத் திருத்தி அமைக்கப்பட்டன. ஏழாவது அரசியலமைப்புத் திருத்தம் 'பி' பிரிவையே நீக்கியது. 278-வது பிரிவும் அதோடு போனது. அதன்பின் மைசூரும் சென்னையும் ஒரே நிதிக்குழுவின் முன் சம உரிமையுடன் நின்றன.

இன்று ஐரோப்பாவில்

இதே கேள்வி இன்று ஐரோப்பிய ஒன்றியத்தில் எழுந்துள்ளது. முஸ்லிம்கள் பெருமளவில் வாழும் துருக்கி, அல்பேனியா, போஸ்னியா, கொசோவா ஆகியவை அதில் சேர விரும்பி விண்ணப்பித்துள்ளன. செர்பியா, மாண்டினீக்ரோ, வடக்கு மாசிடோனியா ஆகியவையும் வரிசையில் நிற்கின்றன. நீதிமன்றம், நிர்வாகம், விவசாயம் ஆகியவற்றைச் சீர்செய்ய இந்நாடுகளுக்கு ஒன்றியம் உதவி தருகிறது. 2007-ல் தொடங்கிய இந்தத் திட்டத்துக்கு 2021–2027 காலத்தில் ஒதுக்கியது சுமார் 1,400 கோடி யூரோ.

இந்தியா இணைந்த பிறகு பணம் தந்தது. ஐரோப்பா இணைவதற்கு முன்பே தருகிறது. சீர்திருத்தம் நடக்காவிட்டால் பணத்தைக் குறைக்கலாம், நிறுத்தலாம். லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பியத் தணிக்கை மன்றம் இந்தக் கணக்கைப் பார்க்கிறது.

துருக்கிக்குத் தந்த உதவியால் குறைந்த பலனே கிடைத்தது என்று அந்த மன்றம் 2018-ல் எழுதியது. நீதித்துறைச் சுதந்திரம், பத்திரிகைச் சுதந்திரம் போன்ற அடிப்படைத் தேவைகளுக்கு அந்தப் பணம் போதிய அளவு போய்ச் சேரவில்லை என்றது. மேற்கு பால்கன் நாடுகளில் சட்டத்தின் ஆட்சியை வலுப்படுத்தத் தந்த பணமும் அடிப்படை மாற்றத்தைப் பெரிதாகக் கொண்டுவரவில்லை என்று 2022-ல் சொன்னது. பணம் கொடுத்தவரே தன் குறையைத் தன் தணிக்கையாளரின் வாயால் கேட்க வேண்டியிருந்தது. தணிக்கையின் பயன் இதுதான்.

நம் ஊரில்

மேட்டுப்பாளையம் நகராட்சி போன்ற உள்ளாட்சிகளுக்கும் மத்திய நிதிக்குழுவின் மானியம் வருகிறது. 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்குப் பரிந்துரை செய்த 15-வது நிதிக்குழு, அந்த மானியத்துக்கு ஒரு நிபந்தனை வைத்தது. உள்ளாட்சிகள் தங்கள் கணக்குகளையும் தணிக்கை செய்த கணக்குகளையும் மக்கள் பார்க்கும்படி இணையத்தில் வெளியிட வேண்டும் என்பதே அது. தமிழ்நாட்டில் உள்ளாட்சிக் கணக்குகளைத் தணிக்கை செய்ய அரசின் தனித் துறையே இருக்கிறது.

பொதுப்பணம் ஓர் அமானிதம் என்று நம் வீடுகளில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். எவ்வளவு தந்தோம், எதுவரை தருவோம், கணக்கை யார் பார்ப்பார் என்ற மூன்றையும் முன்கூட்டியே எழுதிவைத்தால்தான் அமானிதம் காக்கப்படும். ஜமாஅத் கணக்கானாலும், நகராட்சிக் கணக்கானாலும், ஒரு நாட்டின் கணக்கானாலும் இதில் வேறுபாடு இல்லை. வெளியிடப்படும் கணக்கை ஒருமுறையாவது திறந்து பார்ப்பது நம் பங்கு.