கன்னக்களவு: இந்தியச் சட்டத்தில் குற்றமும் தண்டனையும்

கன்னக்களவு என்பது பிறர் வசிக்கும் வீட்டுக்குள்ளோ, பொருளை வைத்துக் காக்கும் கட்டடத்துக்குள்ளோ, அடைத்த வழியை மீறிக் குற்ற நோக்கத்தோடு புகுவது. திருடன் சுவரில் இடும் துளைக்குக் கன்னம் என்று பெயர். அதை இடும் கருவி கன்னக்கோல். மண்சுவர் வீடுகள் அருகிப்போன பின்னும் அந்தச் சொல் காவல்துறை வழக்கில் நிலைத்துவிட்டது. நாளிதழ்களோ ‘பூட்டை உடைத்துக் கொள்ளை’ என்று எழுதுகின்றன. சட்டப்படி அது பிழை. கொள்ளை என்றால் ஆள்மீது வன்முறையோ உடனடி அச்சுறுத்தலோ இருக்க வேண்டும்; ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து செய்தால் அது கூட்டுக்கொள்ளை. ஆளில்லாத வீட்டின் பூட்டை உடைத்தவன்மீது இந்தப் பிரிவுகள் பாயா. பெயர் மாறினால் பிரிவு மாறும், பிரிவு மாறினால் தண்டனை மாறும் என்பதால் இது வெறும் சொல்லாராய்ச்சி அல்ல.

இந்தக் குற்றத்தில் சட்டம் முதலில் பார்ப்பது பீரோவை அல்ல, வாசலை. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 445ஆம் பிரிவில், கன்னக்களவுக்குச் சட்டம் தரும் பெயரான வீடுடைப்புக்கு ஆறு வழிகளைச் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 330ஆம் பிரிவு அவற்றை அப்படியே ஏற்றுக்கொண்டது. தானே ஒரு வழியை உண்டாக்குவது, மனிதர் நுழைவதற்கல்லாத வழியில் புகுவது அல்லது சுவரேறிக் குதிப்பது, பூட்டைத் திறப்பது, காவலாளைத் தாக்கிவிட்டுப் போவது ஆகியவை அவற்றில் அடங்கும். துளை வழியே கம்பியை விட்டுத் தாழ்ப்பாளை நீக்கி நுழைந்தாலும் வீடுடைப்புதான். வீட்டுக்காரர் தொலைத்த சாவியைக் கண்டெடுத்து, அதைக் கொண்டே திறந்து போனாலும் வீடுடைப்புதான். எதுவும் உடைந்திருக்க வேண்டியதில்லை. முழு உடலும் உள்ளே போயிருக்க வேண்டியதும் இல்லை. உடலின் ஒரு பகுதி நுழைந்தாலே போதும்.

ஒரு பொருளும் களவு போகாதபோது இத்தனை கடுமை எதற்கு என்று கேட்கலாம். விடை தண்டனை வரிசையிலேயே இருக்கிறது. சாதாரணத் திருட்டுக்கு, முதல் முறை என்றால், உச்சம் மூன்று ஆண்டு. வசிக்கும் வீட்டுக்குள் நடக்கும் திருட்டுக்கு, 305ஆம் பிரிவின்படி, ஏழு ஆண்டு. ஆனால் திருடும் நோக்கத்தோடு வீட்டை உடைத்துப் புகுந்தால், 331ஆம் பிரிவின்படி, பகலில் பத்து ஆண்டு, சூரியன் மறைந்து மீண்டும் உதிப்பதற்குள் என்றால் பதினான்கு ஆண்டு வரை. உள்ளே பணம் இருந்ததா, கிடைத்ததா என்பதை அந்தப் பிரிவு கேட்பதில்லை. போன நகையை ஒருவேளை மீட்டுவிடலாம். தாழிட்டுத் தூங்கிய குடும்பத்தின் நிம்மதியை எந்த நீதிமன்றமும் மீட்டுத் தர முடியாது. ஆகவே நுழைவையே தனிக் குற்றமாக்கியது சரி என்றே கருதுகிறேன். நோக்கத்தை மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசுத் தரப்பினுடையது. அது மெய்ப்பிக்கப்படாவிட்டால் இந்தப் பெரிய தண்டனைகளுக்கு இடமில்லை என்பது குற்றம் சாட்டப்பட்டவருக்குள்ள பாதுகாப்பு.

இரவு, பகல் என்ற பிரிவினையை அவ்வளவு எளிதாக ஏற்க முடியவில்லை. இது பழைய ஆங்கிலச் சட்டத்திலிருந்து வந்தது. இங்கிலாந்தே 1968ஆம் ஆண்டின் திருட்டுச் சட்டத்தில் இதைக் கைவிட்டது. இன்று அங்கே வசிக்கும் வீடு என்றால் பதினான்கு ஆண்டு, மற்றக் கட்டடம் என்றால் பத்து. நம் சட்டத்திலோ, இரவில் சிமென்ட் கிடங்கை உடைத்தவன் பகலில் குடியிருப்பை உடைத்தவனைவிடக் கூடுதல் தண்டனைக்கு ஆளாகலாம். இருட்டில் தூங்குபவர் கதியற்றவர் என்பது உண்மைதான். அதனால்தான் இரவில் வீட்டை உடைப்பவனுக்கு எதிரான தற்காப்புரிமை, 41ஆம் பிரிவின் வரம்புகளுக்குட்பட்டு, உயிரைப் பறிக்கும் அளவுக்குக்கூட நீள்கிறது. தற்காப்புக்கு அந்தப் பிரிவினை பொருந்தும். தண்டனையின் அளவுகோலாக அது தேய்ந்துவிட்டது. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடுகள் பகலில்தான் ஆளின்றிக் கிடக்கின்றன.

பதினான்கு என்ற எண்ணைக் கண்டு மலைப்பதற்கும் காரணமில்லை. இந்த வழக்கை விசாரிப்பவர் முதல் வகுப்பு நீதித்துறை நடுவர். அவர் ஒரு குற்றத்துக்கு விதிக்கக்கூடிய சிறை மூன்று ஆண்டுதான். அது போதாது என்று கருதினால் தலைமை நீதித்துறை நடுவருக்கு அனுப்பலாம். அவருடைய எல்லை ஏழு ஆண்டு. அதற்கு மேல் வேண்டுமானால் வழக்கு அமர்வு நீதிமன்றத்துக்குப் போயாக வேண்டும். தண்டனையைக் கூட்டினால் களவு குறையும் என்போர் இதைக் கவனிக்க வேண்டும்: ஏட்டில் உள்ள ஆண்டுகளே பயன்படாதபோது இன்னும் சில ஆண்டுகளைச் சேர்த்து என்ன பயன்? வழக்கைத் தாங்குவது சான்று. களவுபோன சிறிது காலத்துக்குள் அந்தப் பொருளை வைத்திருப்பவர் தக்க விளக்கம் தராவிட்டால், அவர் திருடியவர் அல்லது திருட்டுப் பொருளென்று தெரிந்தே வாங்கியவர் என நீதிமன்றம் ஊகிக்கலாம். ஆனால் அந்த ஊகம் பொருளைப் பற்றியது. எந்த வழியாக நுழைந்தான் என்பதை அது சொல்லாது. எனவே புகார் எழுதும்போது நகைகளின் எடையோடும் அடையாளங்களோடும் நின்றுவிடாமல், பின்கதவு தாழிட்டிருந்ததா, ஜன்னல் கம்பி வளைந்திருந்ததா, கடைசியாகப் பூட்டியது யார், எத்தனை மணிக்கு என்பதையும் எழுதுங்கள். காவலர் வந்து பார்க்கும்வரை உடைந்த பூட்டைத் தொடாதீர்கள்.