ஸ்லேட்டர் வினாநிரல் முதல் இணையக் காப்பகம் வரை: சமூக அறிவியல் ஆய்வுமுறை வளங்களின் பாதுகாப்பு

சமூக அறிவியல் ஆய்வுமுறைப் பயிற்சி வளங்கள் என்பவை, களத்தில் தரவு திரட்டவும் அதைப் பகுத்தறியவும் கற்றுக்கொடுக்கும் வினாநிரல்கள், கையேடுகள், பாடக்குறிப்புகள், குறியீட்டுப் பட்டியல்கள், மாதிரித் தரவுகள் முதலியவை ஆகும். ஆய்வின் முடிவு நூலாக அச்சேறி நூலகத்துக்குச் சென்றுவிடும். அம்முடிவை எட்டிய வழியைக் காட்டும் தாள்களோ பெரும்பாலும் ஆய்வாளரின் அலமாரியிலேயே தங்கி, அவருக்குப் பின் பழைய காகிதக் கடைக்குப் போய்விடும்.

தமிழ்நாட்டில் இத்தகைய வளத்தின் அருமையைக் காட்டும் சிறந்த எடுத்துக்காட்டு ‘ஸ்லேட்டர் கிராமங்கள்’. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியரான கில்பர்ட் ஸ்லேட்டர், 1916இல் தம் மாணவர்களிடம் ஒரு வினாநிரலைக் கொடுத்து, ஊருக்குச் சென்று நிலம், பயிர், கூலி, கடன் ஆகியவற்றை விசாரித்து எழுதிவரச் செய்தார். அவர்கள் எழுதியவற்றின் தொகுப்பு 1918இல் நூலாக வெளிவந்தது. தென்னாற்காட்டு இருவேல்பட்டு, வடாற்காட்டுத் தூசி, தஞ்சைப் பகுதியின் பாலக்குறிச்சி, இராமநாதபுரம் மாவட்டத்து வடமலைபுரம், திருநெல்வேலிக் கங்கைகொண்டான் ஆகிய ஐந்தும் பிற்கால ஆய்வாளர்களுக்கு நன்கு பழக்கமான பெயர்களாயின. வகுப்பறைப் பயிற்சியாகத் தொடங்கிய ஒன்று நூறாண்டு ஆவணமாக மாறியது என்பதை இன்று செய்முறைக் குறிப்பேட்டைக் கடமைக்காக நிரப்பும் மாணவர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

1936–37இல் பி. ஜே. தாமசும் கே. சி. இராமகிருஷ்ணனும் இவ்வூர்களின் மறு ஆய்வை நடத்தி, அதனை 1940இல் நூலாக்கினர். 1961இல் மார்கரெட் ஹாஸ்வெல் மீண்டும் சென்றார். மால்கம் ஆதிசேசையா 1971இல் தொடங்கிய சென்னை வளர்ச்சி ஆய்வு நிறுவனம் 1980களின் முற்பகுதியில் எஸ். குகன் முதலியோரின் முயற்சியால் ஆய்வுகளைப் புதுப்பித்தது. இருவேல்பட்டுக்கு 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகியோர் சென்றனர்.

ஒவ்வொரு முறையும் ஒப்பிட முடிந்ததற்குக் காரணம், முன்னவர் என்ன கேட்டார் என்பது ஓரளவு தெரிந்திருந்ததுதான். கூலியை எடுத்துக்கொள்வோம். அக்காலத்தில் பண்ணை வேலைக்குக் கூலி பெரும்பாலும் நெல்லாகவே அளக்கப்பட்டது. மரக்கால், படி ஆகிய அளவுகள் ஊருக்கு ஊர் வேறுபட்டன. ‘இரண்டு படி’ என்ற விடை மட்டும் எஞ்சி, அந்த ஊர்ப் படியின் கொள்ளளவைக் குறித்த தாள் தொலைந்துபோனால், அடுத்து வருபவரால் கூலி உயர்ந்ததா, குறைந்ததா என்று சொல்ல முடியாது. ‘குடும்பம்’ என்பதை ஒரே உலையாகக் கொண்டார்களா, ஒரே கூரையாகக் கொண்டார்களா என்ற கேள்வியும் இத்தகையதே. எண் பிழைத்து, அதன் பொருள் அழிந்துபோகும் நிலை இது.

புதுச்சேரி இந்த வரலாற்றில் 1955 மார்ச்சில் நுழைகிறது. பிரெஞ்சு ஆட்சி நடைமுறையில் முடிவுற்று ஐந்து மாதங்களுக்குள் ழான் ஃபிலியோசாவை முதல் இயக்குநராகக் கொண்டு பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் அங்கே திறக்கப்பட்டது. இந்தியவியலுக்கும் தாவரவியலுக்கும் பெயர்பெற்ற அந்நிறுவனத்தில் சமூக அறிவியல் துறை பின்னரே வளர்ந்தது. அதனோடு தொடர்புடைய ஆய்வுக் குழு, கடலூர், விழுப்புரம் மாவட்டப் பகுதியின் பத்துக் கிராமங்களில் 2010இல் 405 குடும்பங்களை ஆய்ந்தது. 2016–17இல் அக்குடும்பங்களைத் தேடிச் சென்றபோது மொத்தம் 492 குடும்பங்களிடம் விவரம் பெற்றது. பணமதிப்பு நீக்கம் அக்களப்பணியின் நடுவிலேயே வந்தது. மூன்றாம் சுற்று 2020–21இல், கொரோனா காலத்தில் நடந்தது. இக்குழு தன் வினாநிரல்களை இணையத்தில் திறந்து வைத்திருப்பதால், தட்டாஞ்சாவடியில் இருக்கும் ஒரு கல்லூரி மாணவர் பேருந்துக் கட்டணமும் இன்றி அவற்றைப் படித்து, கேள்வி அமைக்கும் முறையைக் கற்கலாம். நிறுவனத்தின் நூல்கள் பலவும் பிரான்சின் ஓப்பன்எடிஷன் தளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

ஆனால் இணையத்தில் ஏற்றிவிட்டால் காப்பாற்றிவிட்டதாகாது. பெரும்பாலான தளங்கள் ஒரு திட்டத்தின் நிதியில் உருவாகின்றன. நிதி முடிந்ததும் பொறுப்பாளர் வேறு பணிக்குப் போகிறார், தளத்தின் முகவரி காலாவதியாகிறது. பிரிட்டனில் சமூக அறிவியல் இணைய வளங்களைத் தெரிந்தெடுத்து வழிகாட்டிய இன்டியூட் என்ற சேவை, நிதி நிறுத்தப்பட்டதால் 2011இல் நின்றது. இந்த இழப்பைத் தடுக்கவே, சௌதாம்ப்டன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த தேசிய ஆய்வுமுறை மையம் ரீஸ்டோர் என்ற களஞ்சியத்தை அமைத்தது. திட்டக்காலம் முடிந்த பயிற்சித் தளங்களை ஏற்று, உடைந்த இணைப்புகளைச் சரிசெய்து, உருவாக்கியவர் இல்லாமலும் அவை இயங்கும்படி செய்வது அதன் பணி.

இந்தியாவிலும் இதற்கு ஒரு பாடம் உண்டு. லட்சக்கணக்கான பழைய நூல்களை வருடி வைத்திருந்த இந்திய மின்னூலகத் தளம் 2010களின் பிற்பகுதியில் மூடப்பட்டது. அதன் படிகளைப் பெருமளவில் இன்டர்நெட் ஆர்கைவ் முன்பே பெற்றிருந்ததால்தான் அவை இன்றும் கிடைக்கின்றன. காந்திநகர் இன்ஃப்லிப்நெட் மையத்தின் சோத்கங்கா ஆய்வேடுகளைச் சேமிக்கிறது. இ-பிஜி பாடசாலா முதுகலைப் பாடங்களைத் தருகிறது. இவையும் ஒரே இடத்தில் மட்டும் இருந்தால் போதாது. வடிவமும் முக்கியம்: ஃப்ளாஷ் மென்பொருளில் செய்த பாடங்கள், 2020 இறுதியில் அதற்கான ஆதரவு நின்றதும் திறக்க முடியாதவையாயின.

தமிழில் இச்சிக்கல் இரட்டிப்பாகிறது. தமிழ்நாட்டு அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்கும்வரை டாம், டாப், திஸ்கி, பாமினி எனப் பல குறியேற்றங்களும் எழுத்துருக்களும் புழங்கின. அவற்றில் தட்டச்சிட்ட கோப்பை இன்று திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தெரியும். மாற்றிகள் உள்ளன, எனினும் எந்த எழுத்துரு என்று அறிந்திருக்க வேண்டும். தேடலிலும் இடர் உண்டு. ஸ்லேட்டர் நூலில் இருவேல்பட்டு ‘எருவெல்லிப்பேட்’ என்றே காணப்படுகிறது; அன்றைய தென்னாற்காடு மாவட்டமோ 1993இல் பிரிக்கப்பட்டது. பழைய பெயரையும் புதிய பெயரையும் சேர்த்துப் பட்டியலிடாவிட்டால் ஆவணம் இருந்தும் அகப்படாது.

ஆய்வறிக்கைகள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டாலும் கேள்விகள் தமிழில்தான் கேட்கப்படுகின்றன. ‘உங்களுக்குக் கடன் உண்டா?’ என்று கேட்டால் இல்லை என்பவர், கைமாற்று, அடகு, தண்டல், சீட்டு என்று தனித்தனியாகக் கேட்கும்போது வேறு விடை தரக்கூடும். எந்தச் சொல்லால் கேட்கப்பட்டது என்பதைக் காட்டும் ஒரே சான்று, களப்பணியாளர் கையில் இருந்த தமிழ் வினாநிரல். ஆங்கிலப் படிவத்தோடு அதையும் ஒருங்குறியில் சேர்த்து வைப்பதற்குத் தேவைப்படும் நினைவகம், ஒரு புகைப்படத்துக்குத் தேவைப்படுவதைவிடக் குறைவு.