தடவிப் பார்க்கும் நுண்ணோக்கி

நுண்ணோக்கி என்றதும் கண்ணாடி வில்லைகளே நம் நினைவுக்கு வரும். ஆனால் பார்வையற்றோர் பிரெயில் எழுத்தை விரலால் அறிவதுபோல, பொருளைத் தடவியே உருவம் காட்டும் நுண்ணோக்கி ஒன்று உண்டு. அதுவே அணுவிசை நுண்ணோக்கி.

அது தோன்றும்வரை உயிரியலார் இருதலைக் கொள்ளி எறும்பாகத் தவித்தனர். சாதாரண ஒளி நுண்ணோக்கியில் உயிருள்ள செல்லைக் காணலாம். ஆனால் சுமார் 200 நானோமீட்டருக்குக் குறைந்த நுட்பங்கள் மங்கிவிடும். எலெக்ட்ரான் நுண்ணோக்கி அவற்றைக் காட்டும். ஆனால் அதற்கு வெற்றிடம் தேவை. பொருளை உலர்த்த வேண்டும், அல்லது உறைய வைக்க வேண்டும். எதைக் காண விரும்பினோமோ அந்த உயிரியக்கம் அதற்குள் நின்றுபோகும்!

1981இல் சூரிச் அருகிலுள்ள ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் கெர்டு பின்னிக், ஹைன்ரிச் ரோரர் இருவரும் ஒரு கருவியை உருவாக்கினர். கூரிய ஊசிமுனைக்கும் பரப்புக்கும் இடையே தாவும் மின்னோட்டத்தை அளந்து அணுக்களைக் காட்டிற்று அது. 1986இல் நோபெல் பரிசும் கிடைத்தது. ஆனால் பரப்பு மின்சாரத்தைக் கடத்த வேண்டும். புரதம் கடத்துமா? இருந்தும் சிலர் கிராஃபைட்டின்மேல் டி.என்.ஏ.யைப் பரப்பி, முறுக்கிய சுருளின் அழகான படங்களை வெளியிட்டனர். 1991இல் கிளெம்மர், பீபி என்ற இருவர், டி.என்.ஏ. சிறிதும் இல்லாத வெறும் கிராஃபைட்டிலேயே அத்தகைய சுருள்கள் தெரிவதைக் காட்டினர்! காண விரும்பியதையே கண்டுவிடும் ஆபத்து விஞ்ஞானிக்கும் உண்டு.

இதற்கிடையே, 1986இல் பின்னிக், கால்வின் குவேட், கிறிஸ்டோஃப் கெர்பர் மூவரும் மின்னோட்டத்தை விட்டு விசையைப் பிடித்தனர். மெல்லிய தங்கத் தகட்டின் நுனியில் வைரத் துணுக்கை ஒட்டிப் பரப்பின்மேல் நகர்த்தினர். மேடுபள்ளத்துக்கு ஏற்பத் தகடு வளைந்தது. இரண்டாண்டில் அந்த வளைவை அளக்க எளிய வழி பிறந்தது. கண்ணாடித் துண்டால் வெயிலைச் சுவரில் அடித்து விளையாடியிருப்பீர்கள். கை சற்றே அசைந்தாலும் ஒளிப்புள்ளி முழக்கணக்கில் ஓடும் அல்லவா? லேசர் கதிரைத் தகட்டின் முதுகில் பாய்ச்சியதும் அதே தத்துவம்தான்.

இக்கருவி நீருக்குள்ளும் வேலை செய்யும்! 1989இல் கலிபோர்னியாவில் பால் ஹான்ஸ்மா குழுவினர், இரத்தம் உறையும்போது ஃபைப்ரின் மூலக்கூறுகள் இழைகளாகக் கோத்துக்கொள்வதை நீரிலேயே படம்பிடித்தனர்.

ஒரு தொல்லை மட்டும் நீடித்தது. ஊசி துடைப்பம்போல மூலக்கூறுகளை வாரித் தள்ளிற்று. இழுப்பதற்குப் பதில் மெல்லத் தட்டிச் செல்லும் முறை 1994இல் நீருக்குள்ளும் கைகூடிய பிறகே நிலைமை சீரடைந்தது. தட்டும் ஊசியால் பற்றி இழுக்கவும் முடியும். 1997இல் தசையிலுள்ள டைட்டின் என்னும் புரதத்தை இழுத்து, அதன் மடிப்புகள் ஒவ்வொன்றாக அவிழும் விசையை அளந்தனர்.

ஆயினும் ஒரு படத்துக்கு நிமிடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். புரதங்களோ நொடிக்குள் தம் வேலையை முடித்துவிடும். ஜப்பானில் கனசாவா பல்கலைக்கழகத்தின் தோஷியோ ஆண்டோ பல ஆண்டுகள் பாடுபட்டு, தகட்டைச் சிறிதாக்கி, வேகத்தைக் கூட்டினார். 2010இல் அவர் குழு வெளியிட்ட படத்தில், செல்லுக்குள் சுமை தூக்கும் மயோசின்-5 என்ற புரதம் ஆக்டின் இழைமீது இரு கால்களால் சுமார் 36 நானோமீட்டர் எட்டு வைத்து நடந்தது. ஒளிரும் அடையாளம் ஒட்டி முன்பே ஊகித்த நடைதான் அது. ஆனால் ஒருவரும் எதிர்பாராத ஒன்றும் அதில் தெரிந்தது: சில வேளைகளில் முன்காலைத் தூக்கி, நகராமல், அதே இடத்தில் மீண்டும் ஊன்றிக்கொண்டது அந்தப் புரதம்.